கூடத்தின்மேல் போட்ட பழி

கரீம் பாட்சாவை உட்காரவைத்துக் காபி கொடுத்தவர் மாட்டுங்காவில் யாரும் இல்லை. டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு நடப்பார். பாதி குடித்ததும் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். அவரோடு பேச வேண்டுமானால் நாமும் கூடவே நடக்க வேண்டும். அதுவும் அவருக்கு முன்னால் ஓடி, திரும்பி நின்று, முகத்துக்கு நேராகப் பேச வேண்டும். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். திமிர் பிடித்த மனிதர் என்றுதான் முதல் மூன்று வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் தாராவியில் மெத்தை தைப்பவர். சொந்த ஊர் மேலப்பாளையம். பதினெட்டு வயதில் பம்பாய்க்கு வந்து, பரேலில் ஒரு மில்லின் தறிக்கூடத்தில் பதினான்கு வருஷம் வேலை பார்த்திருக்கிறார். அங்கே ஒரே கூரைக்கடியில் நூற்றுக்கணக்கான தறிகள் ஓடும். பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. ஆகவே தறிக்காரர்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிக்கொள்வார்கள். அந்தப் பதினான்கு வருஷத்தில் கரீம் பாட்சாவுக்கு உதட்டைப் படிக்கும் வித்தை வந்தது, காது போனது. வந்தது அவருக்குத் தெரியும். போனதை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. கேட்காவிட்டால் அது பேசுகிறவன் குற்றம், மைக்கின் குற்றம், கூடத்தின் குற்றம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த ரகம். ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கூடம் நிஜமாகவே கோணல்.

எங்கள் கூடம் என்றால் மாட்டுங்காவில் எங்கள் தமிழ் மன்றம் கட்டிய புதுக் கூடம். நான் சுப்ரமணியன், ரயில்வே ஆபீசில் குமாஸ்தா, மன்றத்தில் துணைச் செயலாளர். துணைச் செயலாளர் என்றால் நாற்காலி எண்ணுகிறவன் என்று பொருள். அறுபத்து நாலாம் வருஷம் ஜூன் மாதம் கூடத்தைத் திறந்தோம். தொண்ணூறு அடி நீளம், கமான் வளைவாகக் கான்கிரீட் கூரை, முகம் பார்க்கலாம் போன்ற மொசைக் தரை, வழவழவென்று பூசிய சுவர். திறப்பு விழாவில் தலைவர் மைக்கைப் பிடித்து "வணக்கம்" என்றார். அவர் அடுத்த வாக்கியத்தில் பாதிதூரம் போன பிறகும் அந்த வணக்கம் கூரையைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர் என்ன பேசினார் என்று அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

கேட்கவில்லை என்றால் சத்தம் போதவில்லை என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். இருந்த நாலு குழாய் ஸ்பீக்கரோடு இன்னும் இரண்டு வாங்கிக் கட்டினோம். அடுத்த கூட்டத்தில் செம்பூரிலிருந்து வந்திருந்த மீனாட்சியம்மாள் பாதியில் எழுந்து, காதைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏண்டா சுப்ரமணியா, உள்ளே நடக்கறது கதாகாலட்சேபமா, கைகலப்பாடா?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததைச் சரிசெய்ய ஒரு ரேடியோ என்ஜினீயரை அழைத்துவந்தேன். அவர் மேடையில் நின்று ஒரே ஒரு தடவை கைதட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். தட்டிய ஓசை அடங்க நாலு வினாடி ஆயிற்று.

"சத்தத்தை ஏத்த ஏத்த எதிரொலியும் கூடவே ஏறும் சார்," என்றார். "வெறும் சுவரும் கூரையும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அடிக்கறது. ஒரு வார்த்தை போய்ச் சேர்றதுக்குள்ளே முந்தின வார்த்தை திரும்பி வந்து அதுமேலே விழறது. சத்தத்தைக் குடிக்கற மாதிரி ஏதாவது வைச்சு மூடுங்கோ. அதுக்குன்னு ஓட்டை போட்ட பலகை உண்டு, இப்போ கிடைக்காது. பஞ்சு வைச்சுப் பாருங்கோ."

பஞ்சைத் தேடித்தான் கொட்டுகிற மழையில் தாராவிக்குப் போனேன். கரீம் பாட்சாவின் கடை செங்கல் சுவர் வைத்த ஒரே நீள அறை. பாதி அறைக்கு, கூரையைத் தொடும் உயரத்துக்கு, வில்லால் அடித்து உதிர்த்த பஞ்சு குவிந்துகிடந்தது. அவர் அந்தக் குவியலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தைத்து முடித்த மெத்தை ஒன்றைத் தள்ளிவைத்தார்.

"குத்திப் பாருங்க சார். முஷ்டியால குத்துங்க."

குத்தினேன். கை வலித்தது.

"எம் மெத்தையில கை இறங்காது. இருவது வருஷம் கழிச்சு வந்து குத்துங்க, அப்பவும் இறங்காது. ஏக்தம் பக்கா."

பஞ்சைத் திணித்துத் திணித்துப் பாறையாக்குவதுதான் அவர் கடையின் பெருமை. மூலையில் சிவப்பு நூலால் சின்ன நட்சத்திரம் ஒன்று தைத்திருக்கும். தாராவியில் பெண்ணுக்குச் சீர் கொடுக்கிறவர்கள் அந்த நட்சத்திரம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்களாம். விஷயத்தைச் சொன்னேன். நாற்பது மெத்தை வேண்டும், சுவரில் மாட்ட, ஆகஸ்டு மூன்றாம் ஞாயிறு எங்கள் கூடத்தில் பள்ளிப் பிள்ளைகளின் பேச்சுப் போட்டி, அதற்குள் வேண்டும் என்றேன். அவர் நடை நின்றது. நான் பார்த்து அவர் நின்றது அதுதான் முதல் தடவை.

"பேச்சுப் போட்டியா? உங்க ஹால்லயா? எங்க ஹபீபா அதுல பேசுதா சார்!"

ஹபீபா அவருடைய ஒரே மகள். தாராவி முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது. போன வருஷமும் அவள் பள்ளி விழாவில் பேசினாள். தகரக் கொட்டகை, ஓட்டை மைக். வாப்பா கடைசி வரிசையில் இருந்தார். அவர் எங்கே போனாலும் கதவோரம்தான் இருப்பார், கேட்கவில்லை என்று யாரும் கண்டுபிடித்துவிடாதபடி. வீட்டுக்கு வந்ததும் பேச்சு அருமை என்று மகளைத் தூக்கிச் சுற்றினார். எந்த இடம் வாப்பா பிடிச்சிச்சு என்று அவள் கேட்டாள். கொட்டகை சரியில்லை, மைக் சரியில்லை என்று ஆரம்பித்தார். "நீங்க கேக்கவே இல்ல வாப்பா," என்று சொல்லிவிட்டு அவள் போய்ப் படுத்துக்கொண்டாளாம். அன்றிலிருந்து அடுத்த தடவை ஒரு எழுத்து விடாமல் கேட்கிறேன் என்று அவர் அவளிடம் சத்தியம் செய்யாத நாளில்லை. இதெல்லாம் அவர் மனைவி நஸீரா பின்னால் எங்கள் வீட்டில் சொன்னது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, இந்த மனிதர் மற்ற வேலையையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு இதைச் செய்யப்போகிறார் என்பது மட்டும்தான்.

செய்தார். மழையில் பஞ்சு ஈரம் காக்கும், அடித்தால் உதிராது. கணப்புச் சட்டி வைத்துக் காயவைத்து அடித்தார். பத்து நாளில் நாற்பது மெத்தை வந்து இறங்கியது. கடையில் ஒரு பிடி பஞ்சு மிச்சமில்லை என்றார். ஒவ்வொன்றும் பாறை. நெருக்கமாக நெய்த நல்ல கோடு போட்ட துணி, மூலையில் சிவப்பு நட்சத்திரம். சுவர் ஓதம் பஞ்சில் ஏறக்கூடாது என்று முதலில் சுவரில் மரச்சட்டம் அடித்து, மூன்று விரல் இடைவெளி விட்டு மாட்டினார். நானும் ஒவ்வொன்றையும் குத்திப் பார்த்து, பேஷ் என்று தலையாட்டினேன். பிறகு மேடையில் ஏறிக் கைதட்டினேன்.

மூன்றரை வினாடி.

மறுபடி தட்டினேன். மறுபடியும் மூன்றரை. போட்டிக்கு எட்டு நாள் இருந்தது. கரீம் பாட்சாவோ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோணலாக இருந்த ஒரு மெத்தையை நிமிர்த்துவதும் அடுத்ததற்குப் போவதுமாக இருந்தார். "பாய், நிறுத்தும்" என்றேன். போய்க்கொண்டே இருந்தார். "பாய், இது பிரயோஜனமில்லை, கழட்டும்" என்று கத்தினேன். என் சத்தம் கூடமெல்லாம் சுற்றி எனக்கே திரும்பி வந்தது, அவர் திரும்பவில்லை. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று போய் அவர் முன்னால் நின்றேன்.

"செவிடன் காதுல ஊதின சங்குன்னா ஓய் இருக்கு உம்மகிட்டே பேசறது!"

முகத்துக்கு நேராகச் சொன்னேன். ஒரு எழுத்து விடாமல் உதட்டில் படித்துவிட்டார். அவர் முகம் செத்துப்போயிற்று. கையிலிருந்த ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல், மழையில் இறங்கி நடந்துவிட்டார். ரோஷக்காரர் என்று நினைத்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து அந்தப் பழமொழியை நான் வாயில் எடுப்பதில்லை.

இரண்டு நாள் ஆள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் என்ன நடந்தது என்பதையும் நஸீராதான் சொன்னாள்.

நனைந்து வந்தவர் கடையில் போய் நின்றிருக்கிறார். பஞ்செல்லாம் மெத்தையாகிப் போய்விட்டதால் அறை காலி. வாசலில் நின்று நஸீரா ஏதோ சொன்னாள். அவருக்குப் பிடிபடவில்லை. வெளிச்சம் அவள் முதுகுப் பக்கம், உதடு தெரியவில்லை. "என்ன?" என்றார். மறுபடி சொன்னாள். "என்ன?" மூன்றாம் தடவையும் வெறும் இரைச்சல்தான் வந்தது. வருஷக்கணக்காக அதே வாசலில் நின்று, அதே குரலில் அவள் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது. இன்றைக்கு இல்லை. செவிடன் என்று சொன்ன மன்றத்து ஐயர் வாய் பலித்துவிட்டது, ஒரே நாளில் காது அடைத்துவிட்டது என்று மனிதர் பயந்துபோனார். சோறு இறங்கவில்லை. காலியான அறையில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் புதுப் பஞ்சுப் பொதி ஒன்று வந்தது. கை சும்மா இருக்காதே, வில்லை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். மதியத்துக்குள் குவியல் இடுப்பளவு வந்தது. சாயங்காலம் ஆளுயரம். அப்போது வாசலிலிருந்து நஸீரா, "டீ ஆறுது" என்றாள்.

கேட்டது.

வில்லைப் போட்டுவிட்டு, "இன்னொருக்கச் சொல்லு," என்றார். சொன்னாள். "வேற எதாவது சொல்லு. சொல்லிக்கிட்டே இரி." அவள் என்னத்தைச் சொல்வாள்? மேலப்பாளையத்தில் இருக்கும் தன் அக்கா தங்கைகள் ஏழு பேரின் பெயரையும், அவர்கள் பிள்ளைகள் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் குவியலைச் சுற்றி நடந்துகொண்டே எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். நஸீராவுக்கு இந்த மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அழுகை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையமர்த்தினார்.

"கல்தி, தப்பு என்னோடதுதான் சார். பஞ்சு உதுந்து கெடந்தா சத்தம் உள்ள போயிருது, போனா வெளிய வரமாட்டேங்கு. நான் அதை மிதிச்சு மிதிச்சுப் பாறையாக்கி, காத்துப் போகாத துணியையும் போட்டு மூடிட்டேன். சுவர் மேல இன்னொரு சுவர் வச்ச மாதிரி. படுக்கதுக்கு நல்ல மெத்தை, கேக்கதுக்கு ஆகாது. எல்லாத்தையும் பிரிக்கணும்."

"எல்லாத்தையுமா? ஆறு நாள்தான் இருக்கு பாய்!"

அவர் அதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டார்.

நாற்பது மெத்தையையும் கூடத்திலேயே பிரித்தார். மொசைக் தரை முழுக்கப் பஞ்சு. பாதிப் பஞ்சை எடுத்துவிட்டு, மீதியை வில்லால் அடித்து உதிர்த்து, அமுக்காமல் பரப்பினார். கீழே சரிந்துவிடாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தையல். மேலே கண்ணும் கண்ணுமாக இருக்கும் சாக்குத் துணி. சாக்கைப் பார்த்ததும் தலைவருக்கு மூச்சு வாங்கியது. இது மாட்டுங்கா மன்றமா, மஸ்ஜித் பந்தர் மளிகைக் கிடங்கா என்று என்னைக் கேட்டார். சாக்கைக் காவிச் சாயத்தில் முக்கித் தருகிறேன் என்று கரீம் பாட்சா சமாதானம் செய்தார். மிச்சமிருந்த பஞ்சில் கூரை வளைவுக்கும் பின்சுவர் முழுவதற்கும் இன்னும் முப்பது தைத்தார். அவரும் நஸீராவும் தாராவிப் பெண்கள் நாலு பேரும் தைத்தார்கள், அவர் மட்டும் நின்றுகொண்டே தைத்தார். எழுபதில் ஒன்றிலும் சிவப்பு நட்சத்திரம் இல்லை.

"ஏன் பாய், அடையாளம் போடலையா?"

"கை வச்சா பொதுக்குன்னு இறங்குது. இதுல எம் பேரைப் போடச் சொல்லுதியளா?"

சனிக்கிழமை மதியம் கடைசிச் சட்டம் ஏறியது. கைதட்டினேன். ஒன்றரை வினாடிகூட இல்லை. குழாய் ஸ்பீக்கர்களில் நான்கைக் கழற்றச் சொன்னேன். அவரைக் கதவோரம் நிறுத்திவிட்டு, மேடையிலிருந்து மைக் இல்லாமல் ரயில் நிலையப் பெயர்களைப் படித்தேன். தாதர், குர்லா, தாணா, கல்யாண், உல்லாஸ்நகர். நாற்காலி போட்டுக்கொண்டிருந்த ஆள் பின்வரிசையிலிருந்து, தாதருக்கு அடுத்து நம்ம மாட்டுங்காவையே விட்டுட்டீங்க சார் என்று திருத்தினான். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"கேக்கறதா பாய்?"

"நல்லாக் கேக்குது சார், நல்லாக் கேக்குது," என்று தலையாட்டினார். நான் கேட்டு முடிப்பதற்கு முன்பே ஆட்டினார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிறு காலை கூடம் நிறைந்துவிட்டது. நான் கரீம் பாட்சாவுக்கு முதல் வரிசையில் இடம் வைத்திருந்தேன். வேண்டாம், வேண்டாம் என்று கடைசி வரிசைக்குப் போய்க் கதவோரம் உட்கார்ந்தார். பிள்ளைக்கு ஐந்து நிமிஷம். நாலாவது நிமிஷம் ஒரு மணி, ஐந்தாவதில் இரண்டு மணி, அதற்கு மேல் பேசினால் போட்டியில் சேர்த்தி இல்லை. முதல் இரண்டு பிள்ளைகள் பேசினார்கள். பாத்திரத்தில் போட்ட பட்டாணிபோல் பேச்செல்லாம் உருண்டுகொண்டிருந்த கூடத்தில் இப்போது ஒவ்வொரு வார்த்தையும் விழுந்த இடத்தில் நின்றது. மீனாட்சியம்மாள் என்னைப் பார்த்து, தேவலையே என்று தலையசைத்தார். நான் பின்பக்கம் போய்க் கரீம் பாட்சாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது ஹபீபா. இரட்டைப் பின்னல், வெள்ளைத் தாவணி. தலைப்பு 'எங்கள் வீடு'. மைக் அவள் உயரத்துக்கு இறக்கியும் பாதி முகத்தை மறைத்தது. தெளிவான குரல். கொஞ்ச நேரத்தில் இப்படிச் சொன்னாள்: "எங்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். வாப்பா மட்டும் நடந்துகொண்டே சாப்பிடுவார். அதனால் எங்கள் வீட்டில் பெருக்குவதற்கு விளக்குமாறு தேவையில்லை, எறும்புகளே போதும்."

கூடம் கொல்லென்று சிரித்தது. தாராவிக்காரர்கள் எல்லாரும் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார்கள். அவரோ ஏன் எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் விழித்தார். பிறகு, எல்லாரும் சிரித்து ஓய்ந்தபிறகு, அவரும் சிரித்துவைத்தார்.

அந்தச் சிரிப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டதும், சங்கும், ரயில் நிலையங்களும். உடம்பு கூசிப்போயிற்று. அவருக்கும் அதே நொடியில்தான் புரிந்திருக்க வேண்டும். பின்வரிசைக் குழந்தைகூடச் சிரிக்கிறது. கொட்டகை இல்லை, ஓட்டை மைக் இல்லை, தன் கையாலேயே எதிரொலியைக் கொன்றாகிவிட்டது. பழிபோடக் கூடம் இல்லை.

எழுந்தார். வெளியே போகிறார் என்று கதவை விட்டு விலகினேன். அவர் கதவுப் பக்கம் திரும்பவில்லை. நடுவழியே, முந்நூறு பேர் பார்க்க, தொண்ணூறு அடியும் நடந்து மேடைக்குக் கீழே போனார். மைக் மறைக்காத பக்கமாக ஒதுங்கி, வேட்டியை மடித்துக்கொண்டு மொசைக் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முகத்தை அண்ணாந்து மகளின் வாயைப் பார்த்தார்.

ஹபீபா பேச்சை நிறுத்திவிட்டாள். நாலாம் நிமிஷ மணி அடித்தது. அவள் வாப்பாவையே பார்த்தாள். நடுவர் ஒருவர், "பேசும்மா, நேரம் போகுது," என்றார். அவள் மைக்கை விட்டு விலகி மேடை விளிம்புக்கு வந்தாள். வாப்பாவுக்கு நேர் எதிரே குந்தி உட்கார்ந்துகொண்டு, "எங்கள் வீடு தாராவியில் இருக்கிறது" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மைக் இல்லை. ஆனாலும் கதவோரம் நின்ற எனக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது. ஐந்தாம் நிமிஷம் இரண்டு மணி அடித்தது. அவள் நிறுத்தவில்லை, நடுவர்களும் எழுந்திருக்கவில்லை. பரிசு போய்விட்டது என்று எல்லாருக்கும் தெரியும். கரீம் பாட்சா அசையவே இல்லை. அவர் காலைப் பார்த்தேன், அது ஆடவில்லை. வாப்பா நடந்துகொண்டே சாப்பிடுகிற இடம் மறுபடி வந்தது. கூடம் இரண்டாம் தடவையும் சிரித்தது. இந்தத் தடவை எல்லாருக்கும் முன்னால் சிரித்தவர் அவர்தான்.

திங்கட்கிழமை காலை ஊசியும் சிவப்பு நூலும் எடுத்துக்கொண்டு வந்தார். ஏணியில் ஏறி, பொதுக்குப் பொதுக்கென்று கை இறங்கும் அந்தச் சாக்கு மெத்தைகளின் மூலையில் ஒவ்வொன்றாக நட்சத்திரம் தைத்தார். எழுபதும் முடிய மத்தியானம் ஆயிற்று. நான் கீழே நின்று, அவர் முகம் என் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, காபி ஆறுகிறது என்றேன். இறங்கி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குடித்தார்.